வழக்குச் சொத்து

நீதிமன்றம் வேறு சொல்லும்வரை
இது என் பொறுப்பு.
இருதலை மணியன் ஒன்று,
எடை எண்ணூற்றுப் பத்து கிராம்.
வாலுக்குச் சூடு வைத்துக்
கண் வரைந்திருக்கிறார்கள்.
மகஜரில் மூன்றாவது வரி.
முதல் வரி கார், இரண்டாவது தராசு.

கார் வேப்பமரத்தடியில் நிற்கிறது,
அதற்கு ஒன்றும் வேண்டாம்.
தராசு பீரோவில்.
பாம்புக்குத்தான் அடியில் ஏதாவது வேண்டும்.

மண்டபம் வனச்சரக அலுவலகத்தில்
பழைய மீன்தொட்டி ஒன்று கிடந்தது.
முதல் ராத்திரி தினத்தாள் விரித்தேன்.
மூக்கை வைத்து அது தள்ளியது.
தாள் நகர்ந்தது, அடியில் கண்ணாடி.
இன்னோர் இடத்தில் தள்ளியது.
விடியும்வரை அந்தச் சரசரப்பு,
கதவில்லாத சுவரில்
யாரோ தாழ்ப்பாள் தேடுவதுபோல.

மண்ணுக்கா பஞ்சம் என்றார் ரேஞ்சர்.
கேட்டைத் தாண்டினால் மணல்தான், கடல்வரை.
ஒரு வாளி அள்ளி வந்தேன்.
பார்க்க வெண்மை.
உள்ளங்கையில் தேய்த்தால்
சிப்பி நொறுங்கல், பவளத்துண்டு,
ஒரு நண்டின் கால்நுனி.
நாக்கில் வைத்துப் பார்த்தேன்.
வயிற்றால் நடக்கிற உயிருக்கு
இந்த உப்பு செதில் செதிலாய் எரியும்.
கழுவினேன். மூன்று குடம் ஊற்றியும் கரித்தது.
இங்கே குடம் பத்து ரூபாய்.
நான்காவதைச் சாய்க்கும்போது
ஸ்டெல்லா அக்கா பிடுங்கிக்கொண்டாள்:
"உலை வைக்க வச்ச தண்ணிடீ, பாம்புக்கா?"

உச்சிப்புளி கயிறு மில்லில்
சிரித்துக்கொண்டே ஒரு மூட்டை நார்த்தூள் கட்டிக்கொடுத்தார்கள்.
மெத்தென்று இருந்தது.
கடற்காற்றின் ஈரத்தையெல்லாம் குடித்து
மூன்றாம் நாள் மூலையில் பூசணம் பூத்தது.
அது தண்ணீர்ச் சட்டியின் விளிம்பில் சுருண்டிருந்தது,
வீட்டுக்குள் வெள்ளம் வந்தவர்கள்
கட்டிலில் ஏறிக் குந்துவதுபோல.

படகுப் பட்டறை மரத்தூளைப் பற்றி
அதிகம் சொல்வதற்கில்லை.
நான் தும்மினேன். அதுவும் சீறியது.

வைத்த எலிக்குஞ்சு
எட்டாம் நாளும் அப்படியே.

காவல் நீட்டிப்புக்கு
உமையவேலை இராமநாதபுரம் கோர்ட்டுக்குக் கொண்டுவந்திருந்தார்கள்.
எங்கே பிடித்தாய் என்று
ஐந்து நாள் கேட்டபோதும்
எனக்குத் தெரியாது, லிப்ட் கேட்டு ஏறினேன்
என்பதைத் தவிர எதுவும் சொல்லாதவன்.
வராந்தா பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்து,
கேட்க நினைக்காமலே கேட்டேன்:
"அது எந்த மண்ணுல இருந்துச்சு?"

விலங்குக் கையைத் திருப்பிப் பார்த்தான்.
"சாப்பிடுதா?"
"இல்ல."
"என்ன போட்டிருக்கீக?"
சொன்னேன். தலையில் அடித்துக்கொள்ள
அவனுக்கு ஒரு கைதான் வாய்த்தது, மற்றது போலீஸ்காரரோடு.
"அதுக்குச் சிவந்த மண்ணு வேணும்.
சாயல்குடிக்குத் தெக்க, தேரியில,
பட்டுப்போன ரெட்டைப்பனைக்கு அடியில.
கைய விட்டா முழங்கை வரைக்கும் மாவு மாதிரி போகும்.
மேல சூடா இருக்கும், அடியில லேசா குளுந்து கெடக்கும்.
நாலு விரக்கடை ஆழம் போடுங்க.
தண்ணி ஒரு மூலையில மட்டும், தெளிச்சா போதும்."

சொன்ன பிறகுதான்
எதைச் சொன்னோம் என்று அவன் முகம் அறிந்தது.
உள்ளே அவன் பெயரைக் கூப்பிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை, சீருடை இல்லாமல்,
பஸ்ஸில் போனேன்.
ரெட்டைப்பனை இருந்தது. தோண்டிய குழியும்,
பாதி சரிந்து, இருந்தது.
இரண்டு உரச்சாக்கு.
நடத்துநர் லக்கேஜ் டிக்கெட் கிழித்தார்.

தொட்டியில் கொட்டிச் சமன் செய்து
அதை இறக்கினேன்.
கொஞ்சநேரம் ஒன்றும் இல்லை.
பிறகு மூக்கு நுழைந்தது,
கழுத்து, தடித்த நடுவுடல்,
கடைசியாக வரைந்த கண்கள்
என்னைப் பார்த்துக்கொண்டே உள்ளே போயின.

காலையில் ரேஞ்சர் பதறினார்.
"சொத்து எங்கம்மா?"
ஒரே ஓர் இடத்தில்
மண் எழுந்து தணிந்தது. காட்டினேன்.
எலிக்குஞ்சையும் காணோம்.
அவர் ஒரு சிட்டிகை எடுத்து
விரலிடுக்கில் உருட்டினார்.
வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.
என் நகங்களைப் பார்த்தார்.

"இது எந்த ஊர் மண்ணு?"

ஐந்து நாள் உமையவேல் சொன்ன பதில்
என் நாக்கில் வந்து நின்றது,
கழுவியும் போகாத உப்பாக.